மூன்றாவது பெஞ்சுக்கு மேலே

பள்ளித் தலைமையாசிரியர்களுக்குத் தலைமைப் பண்பு கற்றுக்கொடுப்பது என் உத்தியோகம். பதினோரு வருஷமாகச் செய்கிறேன். ஆனால் ஒரு நாள்கூட நான் எந்தப் பள்ளிக்கும் தலைமையாசிரியராக இருந்ததில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று என் மனைவி சொல்வாள். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. என் பெயர் யக்ஞநாராயணன். முழுப் பெயரையும் சொல்ல யாருக்கும் பொறுமை கிடையாது, பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நான் "யக்ஞம் சார்". தாம்பரத்தில் எங்கள் பயிற்சி மையத்தில் ஐந்து நாள் வகுப்பு எடுப்பேன். ப்ரொஜெக்டர், குழு விவாதம், பதினோரு மணிக்கு டீயும் வாழைக்காய் பஜ்ஜியும், கடைசி நாள் சான்றிதழ், குரூப் போட்டோ. எழுத வந்தது என்னைப் பற்றி அல்ல, ஜாஸ்மினைப் பற்றி. ஆனால் என்னை விட்டுவிட்டு அந்த அம்மாளின் கதையைச் சொல்ல முடியாது. காரணம் போகப் போகத் தெரியும்.

ஜாஸ்மின் கோவளத்துக்காரர். அப்பா கடலுக்குப் போனவர், அம்மா செல்லம்மா ரோட்டோரத்தில் மீன் விற்றவர். படித்து, கணக்கு ஆசிரியராகி, இருபத்திநான்கு வருஷம் கரும்பலகையில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, போன அக்டோபரில் பதவி உயர்வு வாங்கினார். பம்மல் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி, பெயர் வேண்டாம். குடியிருப்பது கேளம்பாக்கத்தில். கணவர் ஜெரோம் ஒரு ஐ.டி. கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார். பதவி உயர்வு ஆணை வந்த அன்று அவர் மனைவிக்கு ஒரு பச்சை மைப் பேனா வாங்கிக் கொடுத்தார். ஆசிரியராக இருக்கும்வரை நீல மை, தலைமையாசிரியர் ஆனால் பச்சை மை. எங்கள் துறையில் பச்சை மை என்றால் அதற்குத் தனி மரியாதை. அந்தப் பேனாவைத் திறக்கவே பயமாக இருந்தது என்று ஜாஸ்மின் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் பொறுப்பேற்றார். திங்கட்கிழமை காலை என் வகுப்பில் உட்கார்ந்திருந்தார். நாற்பத்திரண்டு பேர் கொண்ட வகுப்பு. நீலக் காட்டன் புடவை, கழுத்தில் சின்னதாகச் சிலுவை, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி இரண்டாவது வரிசையில் இருந்தார். நான் வழக்கம்போல முதல் ஸ்லைடைப் போட்டேன். "தலைவர் அஞ்சுவதில்லை" என்று பெரிய எழுத்தில் இருக்கும், பின்னால் ஒரு மலை உச்சி. எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். ஜாஸ்மின் மட்டும் கையைத் தூக்கினார்.

"சார், பயமா இருந்தா என்ன பண்றது?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "மேடம், அது நாலாம் நாள் தலைப்பு. 'மனவலிமை'ன்னு ஒரு முழு செஷன் இருக்கு" என்றேன். நாலாம் நாள் அந்த செஷனில் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

தப்பு நடந்தது மூன்றாம் நாள், புதன்கிழமை, மத்தியானம் இரண்டேகால். சாப்பாடு முடிந்து எல்லோர் கண்ணும் சொருகும் நேரம். நாற்பத்திரண்டு போனும் ஒரே சமயத்தில் கத்தின. நானும் இருந்த தலைமையாசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து செய்தி வந்திருந்தது. பருவமழை வருகிறது, பள்ளிக் கட்டடங்கள் உறுதியாக உள்ளன என்ற சான்றைத் தலைமையாசிரியர் கையொப்பத்துடன் இன்று மாலை நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும், தவறினால் நடவடிக்கை. கீழே வரிசையாக "நன்றி ஐயா", "பார்த்தேன் ஐயா", கும்பிடும் கைகள். செய்தியைப் படித்து முடிப்பதற்குள்ளேயே நன்றி சொல்லும் வேகம் எங்கள் ஆட்களுக்கு மட்டுமே உண்டு.

வகுப்பு கலைந்தது. ஆளாளுக்கு எழுந்து பள்ளிக்கு ஓடப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அன்று என் செல்ல ஸ்லைடுகள் பாக்கி இருந்தன, மறுநாள் மேலதிகாரி வருகை வேறு. மைக்கைப் பிடித்துச் சொன்னேன்.

"யாரும் போக வேண்டாம். உங்க ஸ்கூல் ஆபீசுக்கு போன் பண்ணி, போன வருஷ நகலை வாட்ஸ்அப்ல வாங்குங்க. எதிர் ஜெராக்ஸ் கடையில பிரின்ட் எடுங்க. தேதியை மாத்திக் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பிடுங்க. பத்து நிமிஷ வேலை."

நாற்பத்திரண்டு தலைமையாசிரியர்கள் ஜெராக்ஸ் கடை வாசலில் ரேஷன் கடை மாதிரி வரிசையில் நின்றார்கள். ஜாஸ்மின் என்னிடம் வந்தார். அவர் பள்ளியின் எழுத்தர் எழில் அனுப்பிய நகல் கையில் இருந்தது. அதில் முதல் வரியே, "பள்ளியின் அனைத்துக் கட்டடங்களையும் நேரில் ஆய்வு செய்தேன்."

"சார், நான் வெள்ளிக்கிழமதான் ஜாயின் பண்ணேன். என் ரூமையும் பக்கத்து ரெண்டு கிளாசையும்தான் பார்த்தேன். பின்னாடி ஒரு பில்டிங் இருக்காம், அந்தப் பக்கமே போகல. 'நேரில் ஆய்வு செய்தேன்'னு எப்படி சார் போடறது?"

நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "மேடம், போன வருஷம் நின்ன கட்டடம் இந்த வருஷம் நிக்காதா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜாஸ்மினும் சிரித்துவிட்டு, பச்சை மைப் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். தலைமையாசிரியராக அவர் போட்ட முதல் முக்கியமான கையெழுத்து அதுதான்.

அடுத்த வாரம் பள்ளிக்குப் போனவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டது காமு. துப்புரவுப் பணி செய்கிறவர், பம்மலிலேயே பிறந்து வளர்ந்தவர், யாருக்கும் பயப்படாத வாய். இனி நான் சொல்வதில் பாதி காமு சொன்னது, பாதி ஜாஸ்மின் சொன்னது.

"மேடம், பின்னாடி பில்டிங்கு, எட்டாங்கிளாஸ் பி. தெனம் காத்தால பெருக்கசொல்லோ மூணாவது பெஞ்சாண்ட மட்டும் மாவு கொட்டுனா மாரி வெள்ளையா கீது. பழைய ஹெட்மாஸ்டராண்ட சொன்னேன். பெருக்குறது உன் வேல, பெருக்கிட்டுப் போன்னுட்டாரு."

ஜாஸ்மின் போய்ப் பார்த்தார். நாற்பது வருஷக் கட்டடம். வெளியே புதுசாக மஞ்சள் பெயின்ட், உள்ளே கூரை ஒரு இடத்தில் உப்பிக்கொண்டு வந்திருந்தது. உப்பலிலிருந்து ஒரு விரிசல் கிளம்பிச் சுவரில் ஒரு சாண் இறங்கியிருந்தது. பெஞ்சின் மேல் மெல்லிய வெள்ளைப் பொடி. விரலால் தொட்டுப் பார்த்தார். மேலே பார்த்தார். அங்கே நிற்கப் பிடிக்காமல் வெளியே வந்துவிட்டார்.

அன்றைக்கே அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். எழில் நல்ல பையன், ஆனால் ஃபைல் தெரிந்த பையன். தட்டச்சு செய்யாமல் தலையைச் சொறிந்தான்.

"மேடம், போன புதன்தான் எல்லாம் நல்லா இருக்குன்னு சர்டிபிகேட் குடுத்திருக்கோம். ஒரே வாரத்துல நல்லா இல்லன்னு எழுதினா, அது பொய்யா இது பொய்யான்னு கேப்பாங்க. பொய்ச் சான்றுன்னா பதினேழு பி மேடம்."

பதினேழு பி என்பது ஒழுங்கு நடவடிக்கை. இன்க்ரிமென்ட் நிற்கும், சஸ்பென்ஷன் வரலாம். அரசு ஊழியர் வீடுகளில் இந்த எண்ணைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். ஜாஸ்மின் வேறு மாதிரி, சுற்றி வளைத்து, "சிறு பராமரிப்புப் பணி தேவை" என்று எழுதி அனுப்பினார். எதிர்பார்த்தபடியே பதில் வரவில்லை.

குழந்தைகளை வேறு அறைக்கு மாற்றலாமே என்பீர்கள். வேறு அறை ஏது? இருந்ததெல்லாம் நிரம்பி வழிந்தது. ஆறாம் வகுப்பு ஏற்கெனவே ஆய்வகத்தில் நடந்தது. எட்டு பி-யில் நாற்பத்தாறு பிள்ளைகள். வராண்டாவில் உட்கார வைத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் சான்று. எங்கே சுற்றினாலும் அந்தப் பச்சைக் கையெழுத்தில் வந்து முட்டியது.

கணக்கு டீச்சர் அல்லவா, பென்சிலை எடுத்துக்கொண்டு போய் விரிசல் முடிகிற இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினார். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தது. இன்னொரு கோடு, இன்னொரு தேதி. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்த ஐந்து பேரையும் பின்னால் நெருக்கி உட்கார வைத்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. காலையில் பிரேயருக்கு முன்னால் முதல் வேலை காமுவிடம் கேட்பது, "இன்னிக்கு எவ்வளவு?" காமு உள்ளங்கையைக் குவித்துக் காட்டும். ஒரு கை, ஒன்றரைக் கை. பஸ்ஸில் கேளம்பாக்கம் திரும்பும்போது மேகத்தைப் பார்த்துக்கொண்டே வருவார். ராத்திரி மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று ஜெரோம் சொன்னார். மழைக்காலம் என்றால் தன் மனைவிக்குக் காய்ச்சல் மாதிரி ஆகிவிட்டதாம்.

அந்த அம்மாளின் பயத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அவர் அப்பாவைக் கோவளத்தில் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்வார்களாம். காற்று கொஞ்சம் மாறினாலும் முதலில் படகைத் திருப்புகிறவர் அவர்தான். ஒரு மார்கழிக் காலை அப்படித் திரும்பி வந்துவிட்டார். மற்ற படகுகள் போய், மீனோடு பத்திரமாகத் திரும்பின. கரையில் நின்று எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தவர் செல்லம்மாவிடம், "இன்னிக்கு ஒண்ணும் ஆவல. அதுக்காக நான் திரும்பினது தப்புன்னு ஆயிடுமா?" என்று கேட்டாராம். அடுத்த வாரம் காற்று மாறியபோது மறுபடியும் திரும்பினார். மறுபடியும் சிரித்தார்கள். மனுஷர் எழுபத்தாறு வயதுவரை இருந்து, கட்டிலில் படுத்துச் செத்தார்.

நவம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. காலையில் தூறல்தான், விடுமுறை அறிவிக்கவில்லை. பத்து மணிக்கு மேல் வானம் பிய்த்துக்கொண்டது. பம்மல் தெருக்களில் முழங்கால் தண்ணீர், ஷேர் ஆட்டோ நின்றுவிட்டது. பதினொன்று இருபதுக்குக் காமு நனைந்துகொண்டே தலைமையாசிரியர் அறைக்கு ஓடி வந்தது.

"மேடம், வந்து பாரு. மாவு இல்ல, இப்ப கல்லு வுழுது."

ஜாஸ்மின் ஓடினார். மூன்றாவது பெஞ்சின் மேல் கோழிமுட்டை அளவில் ஒரு காரைத் துண்டு கிடந்தது. மேலே உப்பல் ஈரமாகிக் கறுத்திருந்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். விரிசல் கடைசிப் பென்சில் கோட்டை இரண்டு விரல்கடை தாண்டியிருந்தது. நாற்பத்தாறு பிள்ளைகளும் ஆங்கிலப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தமே கூரையை விழ வைத்துவிடுமோ என்று அவருக்குத் தோன்றியது. "படிக்காதீங்க, மெதுவா" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று யாருக்கும் புரியவில்லை.

அலுவலகத்துக்கு போன் செய்தார். மணி அடித்தது, எடுக்கவில்லை. இன்னொரு எண், பிஸி. குழுவில் எழுதினார், "எட்டு பி கூரையில் காரை விழுகிறது, வெளியேற்றலாமா?" இரண்டு பேர் கும்பிடும் கைகளைப் போட்டார்கள். ஒருவர் "ஜாக்கிரதை மேடம்" என்றார். பிறகு எனக்குப் போன் செய்தார். எனக்கு ஏன் என்றால், பயிற்சியின் கடைசி நாள் நான்தான் என் எண்ணைப் பலகையில் எழுதி, "எப்ப வேணாலும் கூப்பிடுங்க, நான் இருக்கேன்" என்று வசனம் பேசியிருந்தேன்.

அடுத்த அணிக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வெளியே வந்து எடுத்தேன். மழைச் சத்தத்தில் அவர் குரல் உடைந்து உடைந்து கேட்டது. "சார், பயமா இருக்கு சார். பசங்கள வெளிய கொண்டாந்துடட்டுமா?"

எனக்குக் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான், சான்று. இவர் அறையைப் பூட்டினால் அலுவலகம் சான்றைத் தூசி தட்டும். எப்போது போட்டாய், எங்கே போட்டாய், யார் சொல்லிப் போட்டாய் என்று கேட்கும். என் பேர் வரும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் நான் பயந்தது எனக்காக மட்டும்தான்.

"மேடம், மேலிட அனுமதி இல்லாம எதுவும் பண்ணிடாதீங்க. ஏற்கெனவே சர்டிபிகேட் குடுத்திருக்கீங்க. இப்ப நீங்களா மாத்தினா சிக்கலாயிடும். ஆபீஸ்ல ட்ரை பண்ணிண்டே இருங்கோ. இவ்வளவு நாள் நின்னுடுத்து..."

அவர் போனை வைத்துவிட்டார். நான் உள்ளே போய், விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தேன். அன்றைய ஸ்லைடு "முடிவெடுக்கும் திறன்".

அங்கே ஜாஸ்மின் வகுப்பு வாசலில் போனைப் பிடித்தபடி நின்றிருக்கிறார். உள்ளேயே விட்டால் கூரை, வெளியே எடுத்தால் பதினேழு பி. காமு பக்கத்தில் வந்து நின்றது.

"யார இன்னும் கேட்டுகினு கீற மேடம்? மேல கீறது இன்னா, ஆர்டர் வந்தாதான் வுழுவேன்னு சொல்லிச்சா?"

ஜாஸ்மின் உள்ளே போனார். "எல்லாரும் பைய எடுத்துக்கோங்க. மொத பெஞ்சு, கடசி பெஞ்சு, வரிசையா. ஓடக் கூடாது." நாற்பத்தாறு பேரும் வெளியே வரும்வரை வாசலில் நின்று எண்ணினார். நாற்பத்தைந்துதான் வந்தது. திரும்பி உள்ளே பார்த்தார். ஒரு பெண் பெஞ்சுக்கடியில் விழுந்த ஜியாமெட்ரி பாக்ஸைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள், மூன்றாவது பெஞ்சுக்கடியில். சினேகா என்று பெயர். ஜாஸ்மின் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். கதவைப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். பிள்ளைகளைச் சைக்கிள் ஷெட்டில் நிற்க வைத்தார், வராண்டாவெல்லாம் தண்ணீர், வேறு இடமில்லை. சாரல் அடித்து எல்லோரும் நனைந்தார்கள்.

கூரை விழவில்லை. அன்றும் விழவில்லை, மறுநாளும் விழவில்லை, அதற்கடுத்த வாரமும் விழவில்லை. கதை என்றால் அன்றைக்கே இடிந்து விழுந்து, ஜாஸ்மினை எல்லோரும் கும்பிட்டிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் அப்படி நடக்காது. நடந்தது வேறு. தெருவில் போன யாரோ சைக்கிள் ஷெட்டில் நடுங்கிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளைப் போட்டோ எடுத்து, "மழையில் நனையவிடும் தலைமையாசிரியை" என்று வாட்ஸ்அப்பில் விட்டார்கள். சாயங்காலத்துக்குள் அது அதிகாரி வரை போய்விட்டது. திங்கட்கிழமை குறிப்பாணை, அதாவது மெமோ வந்தது. அந்தத் தாளை நான் பின்னர் பார்த்தேன். "கட்டடம் உறுதியாக உள்ளது எனச் சான்றளித்துள்ளீர். பின்பு அதே கட்டடம் ஆபத்தானது எனக் கூறி, அனுமதியின்றிப் பூட்டி, மாணவர்களை மழையில் நிறுத்தியுள்ளீர். இவற்றுள் எது பொய் என்பதற்குப் பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்."

குழுவில் ஒருவர்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. நாற்பத்தொரு பேருக்கும் தெரியும், தங்கள் சான்றும் அதே ஜெராக்ஸ் கடை வாசலில் பிறந்ததுதான் என்று. மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. போன் அடித்தால் திடுக்கிட்டேன், வீட்டில் எரிந்து விழுந்தேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஜாஸ்மினே கூப்பிட்டார்.

"சார், பதில் எழுதிட்டேன். சர்டிபிகேட்தான் பொய், பார்க்காம கையெழுத்துப் போட்டேன்னு எழுதிட்டேன். திங்கக்கிழம குடுக்கறேன். எங்க போட்டேன், யார் சொன்னாங்கன்னு எதுவும் எழுதல. உங்க பேரு வராது. நீங்க பயப்படாதீங்க சார்."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. முதலில் வந்தது நிம்மதிதான், மறைக்க மாட்டேன். போனை வைத்து ஐந்து நிமிஷம் கழித்துதான் அந்தக் கடைசி வார்த்தை முள்ளாகக் குத்தியது. சஸ்பென்ஷனை எதிர்பார்த்து நிற்கும் ஒருத்தி, பென்ஷனை எண்ணிக்கொண்டிருக்கும் எனக்குத் தைரியம் சொல்கிறாள். மறுநாள் சனிக்கிழமை. பல்லாவரம் போய், ஷேர் ஆட்டோ பிடித்துப் பம்மல் போனேன்.

ஜாஸ்மின் பள்ளியில் இருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை, வாங்க சார் என்று பின் கட்டடத்துக்குக் கூட்டிப் போனார். கைப்பையிலிருந்து சாவியை எடுத்துத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"போய்ப் பாருங்க சார்."

உள்ளே ஈர வாடை. பெஞ்சுகள் அப்படியே கிடந்தன. சுவரில் பென்சில் கோடுகள், கோட்டுக்குக் கோடு தேதி. முதல் தேதி என் பயிற்சி முடிந்த அடுத்த வாரம். பதினோரு கோடுகள். வலது காலை வாசல்படிக்கு உள்ளே வைத்தேன். மேலே பார்த்தேன். உப்பல் கறுப்பாகத் தொங்கியது, துருப்பிடித்த கம்பி ஒன்று தெரிந்தது. எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. வைத்த காலை எடுத்துவிட்டேன். எவ்வளவு முயன்றும் மறுபடி வைக்க முடியவில்லை. ஐம்பத்தாறு வயதுக்காரன், தலைவர் அஞ்சுவதில்லை என்று பதினோரு வருஷம் போதித்தவன், ஒரு நிமிஷம் அந்தக் கூரைக்கடியில் நிற்க முடியாமல் வாசலில் நின்றேன்.

"நானும் போக மாட்டேன் சார்" என்றார் ஜாஸ்மின். "கோடு போடக்கூட மூச்ச அடக்கிகினு போயி ஓடி வந்துடுவேன். ஆனா பசங்கள மட்டும் ஆறு வாரம் உக்கார வெச்சிருந்தேன். தெரிஞ்சே. மெமோல அதக் கேக்கலியே சார். அதுக்கு நான் இன்னா பதில் எழுதறது?"

அவர் அழுதார். காமு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது, அவருக்கு ஒரு டம்ளர், எனக்கு ஒரு டம்ளர்.

திங்கட்கிழமை காலை பயிற்சி மையத்தில் பீரோவைத் திறந்து அந்த வருகைப் பதிவேட்டை எடுத்தேன். அந்தப் புதன்கிழமைப் பக்கம். நாற்பத்திரண்டு பேரும் காலையில் ஒரு கையெழுத்து, மாலையில் ஒரு கையெழுத்து. கீழே "சரிபார்த்தேன்" என்று என் கையெழுத்து. அந்தத் தேதியில், அந்த நேரத்தில், இவர்களில் ஒருவரும் தங்கள் பள்ளிக் கட்டடத்தை நேரில் ஆய்வு செய்திருக்க முடியாது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி உலகத்தில் இல்லை. நகல் எடுத்தேன், அதே ஜெராக்ஸ் கடையில். கூட ஒரு பக்கம் எழுதினேன். நாற்பத்திரண்டு சான்றும் பார்க்காமல் போடப்பட்டவை, போடச் சொன்னவன் நான், எல்லாக் கட்டடங்களையும் மறுபடி பார்க்க வேண்டும். எழுதியதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, முத்திரை குத்திய ரசீதை வாங்கிக்கொண்டேன்.

பத்து நாளில் பொறியாளர் வந்தார். எட்டு பி வாசலில் நின்று மேலே பார்த்தார். அவரும் உள்ளே போகவில்லை என்று காமு சொல்லிச் சொல்லிச் சிரித்தது. "இடிக்கத் தக்கது" என்று எழுதிக் கொடுத்தார். மற்ற பள்ளிகளையும் பார்த்ததில் ஆறு அறைகளைப் பூட்டினார்கள். ஜாஸ்மினுக்கு எச்சரிக்கை, பணிப்பதிவேட்டில் ஒரு வரி. அதோடு விட்டார்கள். குழுவில் என்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்று தெரியாது, அதற்கு முன்பே என்னை நீக்கிவிட்டார்கள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் எனக்குக் குறிப்பாணை வந்தது. பழுப்பு உறை. பொய்ச் சான்று அளிக்கத் தூண்டியது ஏன், பதினைந்து நாட்களுக்குள் விளக்கம். எதிர்பார்த்ததுதான். ஆனாலும் உறையைப் பிரித்தபோது பென்ஷன், பெண்ணின் கல்யாணம், கட்டிக்கொண்டிருக்கும் கடன், எல்லாம் ஒரே சமயத்தில் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தன. என் ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட உதவவில்லை. மூச்சுப் பயிற்சி செய்து பார்த்தேன், மூச்சுதான் வாங்கியது. போனை எடுத்து, ஒரே ஒரு எண்ணைத்தான் அழுத்தத் தோன்றியது.

"மேடம், எனக்கும் மெமோ வந்துடுத்து" என்றேன். பிறகு, நாற்பத்திரண்டு பேர் முன்னால் அவர் என்னிடம் கேட்டதை நான் அவரிடம் கேட்டேன். "பயமா இருந்தா என்ன பண்றது?"

பின்னால் பள்ளி மணி அடித்தது, பிள்ளைகள் இரைந்தார்கள். ஜாஸ்மின் சிரிக்கவில்லை. நாலாம் நாள் தலைப்பு என்று சொல்லவில்லை.

"பயமாத்தான் இருக்கும் சார். மெமோவ எடுத்துகினு இங்க வாங்க. மூணு மணிக்கு எனக்கு கிளாஸ் இல்ல. ரெண்டு பேருமா உக்காந்து எழுதுவோம்."